ரெண்டும் அஞ்சும்

ஊத்துக்குளிக்கு மேற்கே ஒரு பால் சொசைட்டி.
விடிகாலை நாலே முக்கால்.
பீளமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தேன்,
பையில் லேப்டாப்,
அதற்குள் முப்பத்தோரு பக்கத் தேவை ஆவணம்.
'பயனர்' என்று எழுதிய இடமெல்லாம்
செயலாளர் சென்னியப்பன் என்று படிக்க வேண்டும்.
வேறு பயனர் உண்டென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சென்னியப்பனுக்குக் குறைகள் இருந்தன.
ஈரவிரல் பட்டுப் பட்டு
நாலாம் பொத்தான் குழிந்துவிட்டது.
'பிழை 07' வந்தால் இன்னதென்று தெரியாது.
"ரெண்டு தட்டுத் தட்டுவனுங்க,
சரியாப் போயிருமுங்க."

குறித்துக்கொண்டேன்:
பொத்தான் பெரிதாகட்டும்,
இடையில் ஒரு கட்டைவிரல் அகலம்.
பிழை 07 போய்
'குழாயைக் கழுவவும்' வரட்டும்.
அவர் பார்த்துச் சிரித்தார்,
"பாங்க்கு நோட்டீஸாட்டம் இருக்குதுங்க."
'கழுவுங்க' என்று மாற்றினேன்.
அதற்கும் ஐந்தெழுத்து, இதற்கும் ஐந்தெழுத்து.
மரியாதைக்கென்று
தனி இடம் தேவைப்படவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வரிசை.
நாற்பத்தேழாம் எண், துளசிமணி.
பாலை ஊற்றினாள்.
எந்திரம் ஒரு வாய் உறிஞ்சி
நாற்பது நொடி யோசித்தது.
எல்லோரும் அந்நேரம்
சென்னியப்பன் வாயைத்தான் பார்ப்பார்கள்.
இவள் மட்டும் அவர் தலைக்கு மேலே
சென்னிமலை முருகன் படத்தைப் பார்த்தாள்,
உதடு அசைய.
பக்தி, என்று நினைத்தேன்.
மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

மூன்றாம் நாள்
"நாலு ரெண்டு" என்றார் அவர்.
"நாலு அஞ்சுங்க" என்றாள்,
முருகனிடமிருந்து கண்ணை எடுக்காமல்.
அவர் குனிந்து பார்த்தார்.
"அட, அஞ்சுதான்."
அடித்து எழுதினார்.

நான் வெளியே போய்
அவள் நின்ற இடத்தில் நின்றேன்.
படத்தின் கண்ணாடியில்,
மயிலின் காலுக்குக் கீழே,
சிவப்பாய் எரிந்தன என் எண்கள்,
வலது இடமாக.

ஏழு கோட்டில் எழுதும் எண்களுக்கு
ஒரு குணம் உண்டு.
கண்ணாடியில் எட்டு எட்டுதான், சைபர் சைபர்தான்.
மூணும் நாலும் கோணிக்கொண்டு நிற்கும்,
அடையாளம் தெரியும்.
ரெண்டு மட்டும் அஞ்சாகும்.
அஞ்சு ரெண்டாகும்.

"மொத மாசம் ஏமாந்தனுங்க" என்றாள்.
"பொறவு பழகீருச்சு.
என்ற காசு எத்தனைன்னு
எனக்குத் தெரியோணுமல்லங்க?"

முப்பத்தோரு பக்கத்தில் இது இல்லை.

வெளியே பார்த்தபடி இன்னொரு திரை
என்று எழுதி அனுப்பினேன்.
"எதுக்குங்க, நாந்தான் படிக்கறனே" என்றார் அவர்.
கம்பெனியும் அதையேதான் கேட்டது,
கொஞ்சம் இங்கிலீஷில்.
அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு
நாலு மெயில்.

திரை வந்தது.
சென்னியப்பன் வாய்க்கு வேலை குறைந்தது.
வரிசையே எக்கிப் பார்த்தது,
பக்கத்து வீட்டுக் கொழுப்பு எத்தனை என்று.
அதையும் நான் யோசித்திருக்கவில்லை.

துளசிமணி முறை.
4.5.
முகம் சுருங்கிப்போனது அவளுக்கு.
"நாலு ரெண்டுதானுங்களா?"
என்று கேட்டுவிட்டு
தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஒரு வாரம் அப்படித்தான்.
முதலில் முருகன், பிறகு திரை,
பிறகு மனசுக்குள் ஒரு திருப்பு.
நேர் எண்ணை நேராகப் படிக்க
அவள் கண்ணுக்கு
என்னிடம் அப்டேட் இல்லை.

எட்டாம் நாள் எண் தடுக்கவில்லை.
அதற்கு மேல்வரியைப் படித்தாள்,
எழுத்துக் கூட்டாமல், சத்தமாக.
"நாப்பத்தேழு. பெ. தங்கமுத்து."
திரும்பி என்னைப் பார்த்தாள்.
"மாடு நான் புடிச்சதுங்க.
கறக்கறது நான். ஊத்தறது நான்.
இதுல ஏனுங்க அவரு?"

"பதிவேட்டுல இருக்கறதுங்க" என்றேன்.
"நான் காட்ட மட்டும்தான் செய்யறேன்."
"காட்டீட்டீங்கல்ல" என்றாள்.

ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.
"பேரு மாத்தற பாரம் ஒண்ணு குடுங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.
திரையைப் பார்த்தார்.
மேசை இழுப்பறை இறுகிக் கிடந்தது.
ரெண்டு தட்டுத் தட்டித் திறந்தார்.