கீழ்த்தளம்

கான்சஸில் மழை.
ஞாயிறு சூப் பரிமாறும் சபை மேசைமேல்
இன்று வாக்குச்சீட்டுகள்.
நல்ல மேய்ப்பன் படத்தை
யாரோ சுவர்பக்கம் திருப்பியிருக்கிறார்கள்;
முதுகில் ஒட்டடை, பழைய விலைச்சீட்டு.

லோரீன் ஷ்ராக் பேனாவைத் திறக்கிறாள்.
நாற்பது வருடமாக ஒரே வட்டம்.
அப்பாவின் வட்டம்.
போதகர் பெயர் சொல்லாமல்
ஜெபத்துக்குள் சொல்லிவிடும் வட்டம்.

போன வாரம் அந்தக் கட்சிக்காரர்
பன்றி ஆலைக்கு வந்த அகதிகளை
ஏதோ சொன்னார்.
முன்வரிசை கைதட்டியது.
இவளும் தட்டினாள், இரண்டே தட்டு.
உள்ளங்கை இன்னும் ஆறவில்லை.

'உம்முடைய ராஜ்யம் வருவதாக'
என்று தொடங்கியவள்
அதற்குமேல் போக முடியாமல் நிற்கிறாள்.
பின்னால் வரிசை இருமுகிறது.

எதையோ கறுப்பாக்கினாள்.

போகிற வழியில்
படத்தைத் திருப்பக் கைநீட்டினாள்.
சாவடியில் உட்கார்ந்திருந்த கொழுந்தன்
தலை நிமிராமல் சொன்னான்:
"ஏழு மணிக்கு மேல."