மிச்சமாகும் வருஷம்

துறை அலுவலகச் சுவரில் ஒரு தாள்.
இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே
முதுகலைப் பாடம் நான்கு எடுக்கலாம்.
எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும், அரியர் கூடாது.
ஐந்து வருஷம் நான்காகிவிடும்.
கீழே ஏழு பெயர்கள்.
மூன்றாவது நான்.
ரம்லத் இல்லை.
எட்டு புள்ளி நான்கு ஆறு அவள்.

அதை அவள் எங்கே தொலைத்தாள் என்று எனக்குத் தெரியும்.
இரண்டாம் செமஸ்டர், இயற்கணிதத் தேர்வு.
உக்கடத்தில் தோண்டிப் போட்ட சாலையில்
பஸ் அரை மணி நின்றுபோன காலை.
கடைசிக் கேள்வியைத் தொடாமல் தாளை நீட்டினாள்.
முந்தைய ராத்திரி எனக்கு
அதே கேள்வியை விளக்கியவள் அவள்தான்.
நான் பதினைந்துக்குப் பதினைந்து.

சனிக்கிழமை பல்லடம் தாண்டி வீட்டுக்குப் போனேன்.
கணவாய்க் காற்று ஜன்னலோரச் சீட்டில்
என் பாரத்தைப் பறிக்கப் பார்த்தது;
பாரம் என்றால் விண்ணப்பப் பாரம்.
அப்பா கொட்டகையில் இருந்தார்.
ஐயாயிரம் குஞ்சு.
குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது,
கரண்ட் பில்லும் கெட்ட தூக்கமும் எங்களுடையது.

"ஒரு வருசம் மிச்சமுங்கப்பா" என்றேன்.
ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம்
வாய்க்குள்ளேயே கூட்டி முடித்தவர்
பக்கெட்டைக் கீழே வைத்துக் கேட்டார்:
"அப்ப தீவனம் எச்சாப் போடுவாங்களா கண்ணு?"
சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

ராத்திரி பூராவும் அங்கே விளக்கு எரியும்.
இருட்டினால் தின்னாது, தின்னாவிட்டால் எடை ஏறாது.
முன்பு நாற்பத்தைந்து நாள், இப்போது முப்பத்தெட்டு.
உடம்பு முந்திக்கொள்ள, கால் தாங்காமல்
உட்கார்ந்துவிடுபவை தினம் நாலைந்து.
அவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு,
நான் கோடு போட்டுக் கொடுத்த நோட்டில்.

இல்லை, நான் கோழி இல்லை.
இந்த உவமை கொட்டகையோடு கிடக்கட்டும்.
என் பசிக்கு யாரும் விளக்குப் போட வேண்டியதில்லை.
லைப்ரரியில், முதுகலைக்காரர்கள் அடிக்கோடிட்ட புத்தகத்தில்
பாதி வரை திருட்டுத்தனமாகப் படித்தாயிற்று:
எண்ணி மாளாத புள்ளிகள் இருந்தும்
நீளம் சுழியமாகிற கணம் ஒன்று உண்டாம்.
படித்த அன்று சாப்பிட மறந்து
மெஸ் கதவு சாத்தும்போது ஓடினேன்.
மீதிப் பாதி எனக்கு வேண்டும்.
இந்த வருஷமே வேண்டும்.
இதை வெட்கமில்லாமல் எழுத
பாரத்தில் இருநூறு சொல்லுக்கு இடம் விட்டிருந்தார்கள்.
அறுபதில் முடித்தேன்.

அடுத்த கட்டம்தான் கையை நிறுத்தியது:
'கைவிடும் பாடங்கள்.'
மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்.
நகரப் பேருந்துகளின் காத்திருப்பு நேரம்.
தலைப்பு ரம்லத் சொன்னது.
குழு: இருவர்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் சொன்னேன்.
காந்திபுரத்தில் தள்ளுவண்டிக் காளான்,
வெங்காயம் தூக்கலாக, இரண்டு தட்டு.
காசை அவளே கொடுத்தாள், வாழ்த்து மாதிரி.
"தனியாவே பண்ணிக்கறேன்" என்றாள்.
கோபமா என்று கேட்டேன்.
"இருக்கு. காரம் கொறஞ்சதும் சொல்றேன்."
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
"கையெழுத்துப் போட்டுட்டியா?"
"போட்டுட்டேன்."
"சரி, வாட்சைப் பாரு. நாலு பத்திலிருந்து."

இருபத்திரண்டு நிமிஷம் ஒன்றும் வரவில்லை.
அப்புறம் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாய் இரண்டு.
முன்னதில் படிக்கட்டு வரை ஆள்,
பின்னதில் கண்டக்டரும் மூன்று பேரும்.
"எதை எழுதறது?" என்றேன்.
"ரெண்டையும்தான்" என்றாள்,
என் பக்கம் திரும்பாமல்
கோடு இழுத்தபடி.