கூரையில் ஓடுகிற சத்தம்

முதலில் எலிகள்தான் செத்தன.
நெல்லுச் சாக்குகளுக்குப் பின்னால் மூன்று,
கிணற்றுக்கட்டில் ஒன்று,
உடம்பில் ஒரு காயமும் இல்லாமல்.
மருந்து வைத்தது ஆர் எண்டு கேட்டேன்.
ஒருவரும் வைக்கவில்லை.

பிறகு தவிடிக்குத் தாடையின் கீழே வீக்கம்.
தேசிக்காய் அளவு.
நான்தான் சுடுதண்ணீர்த் துணி வைத்து அமுக்கினேன்.
சீழ் விரலில் பட்டது.
சட்டையில் துடைத்துவிட்டு
அதே கையால் புட்டுக்கு மாக் குழைத்தேன்.

இதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார்
ஒட்டுசுட்டான் மிருக வைத்தியர் அமலதாஸ்.
கையில் இரண்டு சோடி கையுறை, ஒன்றின் மேல் ஒன்று.
பூனை இருமினதோ? முகத்துக்குக் கிட்டவோ?
இரவில் ஆருக்குப் பக்கத்தில் படுக்கும்?
கம்சிகாவின்ர கழுத்துக்குள்ள, என்றேன்.
அவர் எழுதுவதை நிறுத்தினார்.

எலி, தெள்ளு, பூனை, மனிதர்.
கடதாசியில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்.
கனகாலமாய் இந்த நாட்டில் அது இல்லை,
இதுவும் அதாக இராது,
ஆனாலும், என்றார்.
அந்த ஆனாலும்
எங்களோடு ஓட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தது.

ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்,
ஐசுக்குள் துளிச் சீழ்,
மாங்குளத்தில் பஸ் மாறிப் பேராதனைக்குப் போனது.
கோழிக்கூட்டுக்குள் தவிடி.
கம்பிக்கு வெளியே, வாயைக் கட்டிக்கொண்டு, நான்.
ஒருகாலம் உள்ளே நின்று பார்த்தவள்.
முகாமில் அம்மாள் வருத்தம் பரவின மாதம்
காவல் நின்றவனும் இப்படித்தான் முகம் கட்டியிருந்தான்.

பால் கோப்பையைத் தடியால் தள்ளினேன்.
அவள் பாலைப் பார்க்கவில்லை.
என் கையைப் பார்த்தாள்.

இரண்டு வேளை மாத்திரை. வெப்பமானி.
மகளின் அக்குளிலும் கவட்டிலும்
நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.
கூச்சத்தில் சிரித்தாள்.
சிரிப்பு இருமலில் முடிந்தபோது
எனக்குக் கால் விறைத்துவிட்டது.
பக்கத்து வளவுக்காரர்
வேலிப் பொட்டை ஓலை வைத்து அடைத்தார்கள்.

மூன்றாம் நாள் விடியக் கூட்டில் அசைவில்லை.
அமலதாஸ் சொன்ன ஆழத்துக்கு வெட்டி,
சுண்ணாம்பு கொட்டி,
மண்வெட்டியாலேயே தூக்கிப் போட்டேன்.
கம்சிகா தன் துவாயை எறிந்தாள், போர்த்துவதற்கு.
அது வாலில் மட்டும் விழுந்தது.
இறங்கிச் சரிப்படுத்த முடியாது.

ஒன்பதாம் நாள் போன் அடித்தது.
அது இல்லை அக்கா.
சூத்தைப் பல்லு, உள்ளால பழுத்திருக்கு.
எலியளுக்கு ஆரும் நஞ்சு வைச்சிருப்பினம்.
நல்ல செய்திதானே?
ஓம், என்றேன். நல்ல செய்தி.
தொட்டிருக்கலாம்.

அன்றிரவு கூரையில் எலி ஓடியது.
ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று,
தகரத்தில் நகம் கிறுக்க.
உயிருள்ள எலி.
அம்மா, கேக்குதா, என்றாள் கம்சிகா இருட்டில்.
சாக்கை அரிக்கத் தொடங்கின.
எழும்பி வெருட்டாமல்
அந்தச் சத்தத்திலேயே
எத்தனையோ நாளுக்குப் பிறகு
நித்திரையாகிப் போனேன்.