மூன்றும் ஒரு கணுவும்

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு உறைந்து கிடக்க
உள்ளே பதினேழு பேர், முப்பத்து நான்கு கைகள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அப்படியொரு சண்டை.
காதோரம் முணுமுணுத்த மொழிபெயர்ப்பாளருக்கே மூச்சு வாங்கியது.

விஷயம், கட்டைவிரல்.
மூடிய கையின் பக்கத்தில் ஒட்டி நின்றால் ஒரு குறி,
விரல்கள்மேல் குறுக்கே படுத்தால் இன்னொன்றா?
எங்களுக்கு இதனால் பொருள் மாறாது என்றார் வைடோடஸ்.
எங்களுக்கு மாறும் என்று
மேசையைத் தட்டி அதிரவைத்துச் சொன்னாள் லேலோ.

நான் எழுத்துரு செய்ய வந்தவன்.
கடலும் அகமும் தங்கமும்
ஒரே ககரத்தில் அடங்கும் எனக்கு;
படிக்கிறவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்ட மொழி.
இதைச் சொல்லக் கையைத் தூக்கினேன்.
தூக்கிய கையே ஏதோ சொல்லாகிவிட
எல்லோரும் சிரித்தார்கள்.

விளக்கு அணைந்து எரிந்தது. இடைவேளை.
ஒரு கையில் ரொட்டி, மறு கையில் வாதம்.

பிறகு குன்டர்ஸ் எழுந்தார்,
லாட்வியாவில் மரம் அறுக்கும் ஆலைக்காரர்.
மோதிரவிரலில் ஒரு கணுதான் மிச்சம்.
மோதிரம் நடுவிரலுக்குக் குடிபோயிருந்தது.

வெல்டா நவம்பரில் போய்விட்டாள்.
கல்லில் அவள் பெயரை வெட்ட வேண்டும்,
பாஸ்போர்ட்டில் இருப்பதை அல்ல,
நான் கூப்பிட்டதை.
விரித்த நான்கு விரல், கன்னத்தருகே ஒரு சிலுப்பு.
உங்கள் அட்டவணையில் அறுபத்திரண்டாம் குறி, நான்கு கோடு.
என்னிடம் மூன்றும் ஒரு கணுவும்.
முப்பத்தொரு வருஷம் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.
எதை வெட்டச் சொல்ல?

குறி என்பது மொழியின் கை,
ஆளின் கை அல்ல என்றார் தலைவர்,
கண்ணைப் பார்க்காமல்.
அங்கே அது
முதுகைக் காட்டிப் பேசுவதற்குச் சமம்.
ஆனாலும் அவர் சொன்னது சரி.
ஆளுக்கொரு குறி வைத்தால்
மூட்டுவலிக்கு ஒன்று, கையுறைக்கு ஒன்று,
இந்தக் குளிருக்கே தனியாக நாலு.

வாக்கெடுப்பு. கைகளை எண்ணினார்கள்.
கட்டைவிரலுக்கு இரண்டு குறி, நிறைவேறியது.
அறுபத்திரண்டில் மாற்றமில்லை.

மாலையில், கோட்டு மாட்டும் இடத்தில்,
காபிக்கறை பட்ட காகிதக் கைக்குட்டையில்
லேலோ அறுபத்திரண்டை வரைந்தாள்.
மூன்றாவது கோட்டைப் பாதியில் நிறுத்தினாள்.
குன்டர்ஸ் அதை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
பேனாவைக் கேட்டார்.
இன்னும் குட்டை என்று
அந்தக் கோட்டின் தலையை அடித்தார்.