நாலாவது சீட்

எனக்குத் தைக்கத் தெரியாது.
பட்டன் அறுந்தால் ஊக்கு, ஊக்கு தொலைந்தால் துப்பட்டா.
அதோடு முடிந்தது என் தையல்.
ஆனாலும் தசராவுக்கு முந்தின ஞாயிறு,
டோம்பிவிலியில் கரண்ட் போன மத்தியானம்,
மகனுக்குக் குட்டையாகிப்போன ஜீன்ஸைத்
தரையில் கிடத்திச்
சோப்புத்துண்டால் கோடு கிழித்தேன்.

சுல்பா காங்குர்டேவுக்கு ஒரு மெத்தை.

தாணேயில் ஏறுகிறவள்.
ஏழு நாற்பத்திரண்டு ஃபாஸ்ட் தாணேக்கு வரும்போது
லேடீஸ் பெட்டியில் பிடித்துத் தொங்க வளையம்கூட மிஞ்சாது.
மிஞ்சுவது நாலாவது சீட்.

நாலாவது சீட் என்று ஒன்று கிடையாது.
மூன்று பேருக்கான பலகைதான்.
மூவரும் மூச்சை உள்ளிழுத்தால்
ஓரத்தில் பிறக்கும் ஓர் இடம்.
ஒரு பக்க இடுப்புக்குப் பலகை,
மறுபக்கத்துக்கு ஆண்டவன்.
பதினோரு வருஷமாக அதில்தான் வருகிறாள்,
மடியில் பட்டாணி உரித்துக்கொண்டு,
பாதி உட்கார்ந்து
முழு ஊர்க்கதையும் சொல்லிக்கொண்டு.

உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும் என்றேன்,
ஒருநாள் காலை, மும்ப்ரா தாண்டுவதற்குள், ரகசியமாக.
மறுநாள் நிலோஃபர் கிழிந்த நைட்டி கொடுத்தாள்.
ஹன்சாபென் தலையணைப் பஞ்சு ஒரு பை நிறைய,
லேசாகத் தலைக்கெண்ணெய் வாசனையோடு.
டெய்சி பெரேரா ஏழு ஒற்றைச் சாக்ஸ்:
"ஜோடி கிடைத்தால் பிரித்துத் திருப்பிக் கொடுக்கணும்."

ஜீன்ஸில் ஊசி இறங்கவில்லை.
அஞ்சு ரூபாய்க் காசை வைத்து அழுத்தினேன்.
தையல், குர்லா தண்டவாளம் மாதிரி
பிரிந்து பிரிந்து எங்கோ போய்ச் சேர்ந்தது.
பின்பாக்கெட்டை மட்டும் வெளியே தெரிய விட்டேன்,
பாஸ் வைத்துக்கொள்ள.
"மெத்தையா? சிங்க் அடைப்பா?" என்றார் வீட்டுக்காரர்.
பதில் சொல்ல விரலில் ரத்தம் நிற்கவில்லை.

தசராவுக்கு முந்தின நாள் பெட்டிக்குப் பூஜை.
வாசல் கம்பியில் சாமந்தி மாலை,
ஹன்சாபென் கையால் பிடித்த கடலைமாவு லட்டு,
என் பங்கு கொண்டைக்கடலைச் சுண்டல்.
ராத்திரியே ஊறப்போட்டு, விடிகாலை நாலு விசில்.
தேங்காய் மட்டும் தனிப் பொட்டலம்;
தாணே வந்ததும்தான் தூவினேன்.

சுல்பா பிரித்தாள்.
நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள்.
பாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சிரித்தாள்.
பலகையோரத்தில் வைத்தாள்.
மெத்தை ஒரு கணம் யோசித்துவிட்டுக்
கீழே விழுந்தது.

இரண்டாம் முறையும் விழுந்தது.

"அக்கா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"இது முழுசாக உட்காருகிறவர்களுக்கு."
கையை விரித்துக் காட்டினாள். ஒரு சாண்.
பிறகு கட்டைவிரலை மடக்கிக் கொஞ்சம் குறைத்தாள்.

ஹேர்க்ளிப் விற்கிற பெண்ணிடம் கத்தரி இருந்தது.
காட்கோபரில் அறுவை ஆரம்பம்.
பஞ்சு பறந்தது, சாமந்தியில் ஒட்டியது,
யாரோ ஒருத்தியின் லட்டில் விழுந்தது.
"என் நைட்டி!" என்று கத்தினாள் நிலோஃபர்,
பெட்டியே திரும்பிப் பார்க்க.
குர்லாவில் ரயில் குலுங்கியதில் ஊசி
என் பழைய காயத்தைச் சரியாகத் தேடிப் பிடித்தது.
தாதர் வந்தபோது இரண்டு குட்டி மெத்தைகள்.
பாக்கெட் இருந்த பாதி சுல்பாவுக்கு.

இன்னொரு பாதி என் பையிலேயே தங்கிவிட்டது,
டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே.

விடுமுறை முடிந்த காலை
தாணேயில் அவள் ஏறியதும் ஜன்னலோரத்தைக் காட்டினேன்.
"யாருக்கு?" என்றாள்.
"உட்காரு."
டோம்பிவிலிக்காரி நான், ஏறும்போதே இடம் கிடைக்கும்.
அதனால்தான் அளவு தெரியவில்லை.

பாதி மெத்தையைப் போட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன்.
காட்கோபர் வரை வலது தொடை மரத்தது.
குர்லாவில் இறங்குகிறவளின் பை முகத்தில் உரசியது.
சயான் வளைவில், பிடிக்க ஏதுமில்லாமல்,
ஹன்சாபென் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னலோரத்தில்
சுல்பா பட்டாணியை மறந்து
வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.
அன்றைக்கு ஊர்க்கதை ஒன்றும் சொல்லவில்லை.

நான்தான் உரித்தேன்.