இடி விழுந்த மறுநாள்

செவ்வாய்க்கிழமை, மாலை நாலே கால்.
செந்தூல் வானம் ஒரே ஒரு முறை கிழிந்தது.
மின்சாரம் போகவில்லை.
பக்கத்து வீட்டு மீன்தொட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
மோடம் மட்டும் கண்ணை மூடியது,
மூடும்போது கேபிள் வழியே
என் போர்டையும் புராசசரையும் கூட்டிக்கொண்டு போனது.

மோந்து பார்த்தேன்.
கருகல் என்று சொல்ல முடியாது.
ஈரச் சுவரில் ஆணி இறங்கும்போது வருமே,
அந்த மணம்.

உள்ளே ரவாங் சங்கரலிங்கம் மகள் கல்யாணம்.
நலங்கு வெட்டி முடித்தாயிற்று,
மாலை மாற்றி முடித்தாயிற்று,
தாலி ஏறும் இடத்தில் நின்றுவிட்டது.
டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது.
அதை அவரிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

மறுநாள் லோ யாட், மூன்றாம் மாடி.
பள்ளியில் தாய்ப்பலகை என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.
கடையில் அப்படிக் கேட்க வாய் வரவில்லை.
தாய் என்று சொல்லிவிட்டு
விலை குறைக்கச் சொல்வது எப்படி?
போர்டு என்றேன்.

ஹுவி சின் மூன்று பெட்டிகளை அடுக்கினாள்.
ஒன்று, அறுநூற்று எண்பது வெள்ளி.
புது வகை ராம் மட்டுமே ஏற்கும்.
இரும்புக் கவசம், விளிம்பில் வண்ண விளக்கு,
கல்யாண மண்டப வாசல் மாதிரி.
என் பழைய ராமை அதன் மேல் பிடித்துக் காட்டினாள்:
நடுவில் உள்ள வெட்டு
ஓர் அரிசி அகலம் தள்ளி இருந்தது.
அவ்வளவுதான். அதற்கு மேல் அழுத்தினால் உடையும்.

அந்த ராம் இரண்டு துண்டு.
ஒன்று என் காசு, ஒன்று புனிதமலர் காசு.
ஸ்டுடியோவைப் பிரித்தபோது
கேமராவை அவள் எடுத்துக்கொண்டாள்,
கணினியை நான்.
எந்தத் துண்டு யாருடையது என்று
அன்றைக்கே எங்களுக்குத் தெரியவில்லை.
ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர்.
சண்டை போட ஒரு காரணம் குறைந்தது என்று
சிரித்தோம் என்று நினைக்கிறேன்.
சிரித்தது நான் மட்டுமாகவும் இருக்கலாம்.

மற்ற இரண்டும் பழைய வகை.
முன்னூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுக்கு இரண்டு ஸ்லாட்,
நானூற்று அறுபத்து ஒன்பதுக்கு நான்கு.
முன்பணமாய்ச் சங்கரலிங்கம் தந்தது ஆயிரத்து இருநூறு.
புராசசருக்கு அறுநூற்றுப் பத்து போய்விட்டது.
விரல்விட்டு எண்ணுவதை ஹுவி சின் பார்த்தாள்,
பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தாள்.

எழுபது வெள்ளி கூடக் கொடுத்து
இரண்டு வெற்றிடம் வாங்கினேன்.
ஏன் என்று கேட்டிருந்தால்
பிறகு நிரப்பலாம் என்று சொல்லியிருப்பேன்.
அவள் கேட்கவில்லை.
ஒன்றே ஒன்று சொன்னாள், கா, நல்லா கேட்டுக்கோ:
இரண்டையும் ஒட்டி வைக்காதே.
இரண்டாவதில் ஒன்று, நான்காவதில் ஒன்று.
நடுவில் இடம் விட்டால்தான் வேகம்.

இடி வந்தால்? என்றேன்.
போர்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
எங்கோ எழுதியிருக்கும் என்பதுபோல்.
கேபிளைப் பிடுங்கு, என்றாள்.

மோனோரெயிலில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.
எதிரே ஒருவர் எழுந்து
எனக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இடம் கொடுத்தார்.

வீட்டில், கூட்டுக்குள் மாட்டும் முன்பு
அட்டைப்பெட்டி மேலேயே போர்டைப் படுக்க வைத்து
ஸ்க்ரூடிரைவர் முனையால்
இரண்டு ஊசிகளைத் தொட்டேன்.
ஒன்றும் இல்லை.
மறுபடியும் தொட்டேன்.
விசிறி ஒரு முறை தயங்கி,
பிறகு சுற்றியது.

திரையில் முதல் வரி: முப்பத்திரண்டு.
இரண்டையும் கூட்டியே காட்டியது,
யாருடையது எவ்வளவு என்று பிரிக்காமல்.

கோம்பாக் பக்கம் வானம் உறுமியது.
கேபிளைப் பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டே
கைப்பேசியை எடுத்தேன்.
ரவாங் நம்பர்.

தாலி ஏறிருச்சாம்மா? என்றார்.