போச்சு

முதுநகர் மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்ச்சுவரில்
கண்ணீர் அஞ்சலி.
அ. அமலோற்பவம், வயது 68,
ரயில்வே ஓய்வு.
ரேஷன் அட்டைக்கு எடுத்த படம்,
தோளோடு வெட்டியிருக்கிறார்கள்.
கைகள் இல்லை.

எனக்கு அந்தக் கைகளை மட்டும்தான் தெரியும்.

எழுபத்தெட்டு, மஞ்சக்குப்பம் மைதானம்.
தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்தரை,
நான்கு கம்பம், நான்கு விளக்கு,
ஒரு கால் ஆடும் மேசை.
பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்,
ராத்திரியில் ஸ்கோர் எழுதுகிறவன் நான்.
ஆட்டத்தை ஆயிரம் பேர் பார்த்தார்கள்.
நான் பார்க்கவில்லை. குனிந்து எழுதினேன்:
ஒன்பது, ஒன்பது, ஒன்பது,
நாலாம் நம்பருக்கு ஒன்று,
திரும்ப ஒன்பது.
நிமிர்வதற்குள் வலை ஆடிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை நிமிர்ந்தேன்.
அவள் குதிப்பதே இல்லை.
எல்லோரும் குதித்து முடித்து
தரைக்கு வந்துசேரும் அந்த அரை நொடியில்
கொடுக்கு படாமல் வலையிலிருந்து நண்டைக் கழற்றுகிறவள்போல
நிதானமாக விரல் திறந்தாள்.
பந்து தன் பாட்டுக்குப் போனது.

மூன்று புள்ளிக் கோடு அப்போது இங்கே கிடையாது.
வளையத்தடியில் நின்று போட்டாலும் இரண்டு,
நடுக்கோட்டில் நின்று போட்டாலும் இரண்டு.
"உள்ளே போய்ப் போடேம்மா,
தூரத்துக்குத் தனிக் கூலியா தரப்போறான்?"
என்பார் பி.டி. மாஸ்டர் தட்சிணாமூர்த்தி.
"கிட்டப் போனா இடிக்கிறாங்க சார்" என்பாள்.
அவ்வளவுதான் அவளுடைய ஆட்டத் தத்துவம்.

இறுதி ஆட்டம். பொன்மலை 53, கடலூர் 52.
நான்கு நொடி.
பந்து அவள் கையை விட்டது,
விளக்கு எங்களை விட்டது.

நான்கு கம்பமும் இருட்டு.
ஆயிரம் வாயும் மூடிய அந்த ஒரு மூச்சில்
ஈரச் சேலையை ஒருமுறை உதறிய சத்தம்.
கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.
வளையத்துக்குப் பின்னால்
வேர்க்கடலை வண்டிக்காரன் கத்தினான்:
"போச்சு! போச்சு!"
பந்தைச் சொன்னானா, கரண்டைச் சொன்னானா?

நடுவர் டார்ச்சோடு வந்து அவளையே கேட்டார்.
"தெரியலீங்க சார், நான் பாக்கல."
பிறகு என் முகத்தில் வெளிச்சம் அடித்தார்.
எனக்கு இருபத்திரண்டு வயது.
சத்தத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
உதட்டைப் பிதுக்கினேன்.

மறுவாரம் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள்,
பொன்மலைக்கு ஒரு ட்ரங்க் கால்.
வேலை விஷயம்.
லைன் கிடைக்க ஒன்றரை மணி நேரம்.
பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"அன்னிக்குப் போச்சா சார்?"
"போச்சு" என்றேன்.
என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.
அவள் தலையாட்டினாள்.
மூன்று நிமிடம் பேசினாள். காசு வைத்தாள். போனாள்.

நான்கு வருஷத்தில் முட்டி போச்சு என்று கேள்விப்பட்டேன்.
அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான்
கோடு போட்டார்கள்.

இன்று அவள் வீட்டில்
ஒருவர் நாற்பது பாயின்ட் என்கிறார், ஒருவர் அறுபது.
முப்பத்துநாலு.
என் சட்டைப்பையில் கார்பன் நகல் இருக்கிறது,
தானே புயலில் நனைந்து நீலம் கசிந்தது.
தூரத்திலிருந்து போட்ட ஒன்பதுகளைச் சுற்றி
இந்தக் காலத்து முறைப்படி வட்டம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
ஏழு நிச்சயம். மற்றது ஞாபகமில்லை.
54 என்று அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில்
யாரும் இல்லை.

ஐஸ் பெட்டிக்குள் கைகள் இருந்தன,
ஜெபமாலை சுற்றி,
நான் நினைத்ததைவிடச் சின்னவை.

"எழுத்து நல்லா இருக்குமாமே" என்று அக்கா மகன்
ஒரு நோட்டைக் கொடுத்தான்.
மாலை கொண்டுவருகிறவர்கள் பெயர்.
குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் உறுமல் சட்டென்று நின்றது.
"கரண்ட் போச்சு" என்றது ஒரு குரல்.
அழுகைகூட ஒரு மூச்சு நின்றது.

காதைத் தீட்டினேன்.
நகலை முழங்காலில் விரித்து
தடவித் தடவி 54-ஐத் தேடி எழுதினேன்.

வெளிச்சம் வந்தபோது பார்த்தேன்.
ஒன்பது
கோட்டுக்கு வெளியே இருந்தது.